ஈரத் தெருவில் அளந்த காற்று

போன மாதம் ஒரு பெண் போனில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த துறையில் புதிதாகச் சேர்ந்தவராம். கோவையில் இன்னும் சில இடங்களில் காற்று மாசு அளக்கும் நிலையம் வைக்கப் போகிறார்கள், எங்கே வைப்பது என்று பார்க்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. "தொண்ணூறுகள்ல நீங்கதான் இடம் பார்த்தீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க சார். எதை வெச்சு முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டார். நானும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விதிகளை ஒப்பித்தேன். மரத்தடி கூடாது, சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, ரொம்ப உயரமும் கூடாது, நாலு பக்கமும் காற்று தாராளமாக வரவேண்டும். அவர் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் என்னிடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு விதிமுறையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். போனில் முடியாததை எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். கெமிஸ்ட்ரி படித்தேன், பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. சென்னையில் சில மாதம் ஆய்வுக்கூடத்தில் தாள் நிறுத்துப் பழகினேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். பிறகு கோவைக்கு மாற்றிவிட்டார்கள்.

தாள் நிறுப்பது என்றேன். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிழைப்பே அந்தத் தாளில்தான் இருந்தது. அன்றைக்கு இருந்த இயந்திரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு தகரப் பெட்டி, மேலே வீட்டுக் கூரை மாதிரி ஒரு மூடி. உள்ளே மோட்டார் காற்றை இழுக்கும். இழுத்த காற்று ஒரு வெள்ளைத் தாள் வழியாகப் போகும், தூசி தாளில் தங்கிவிடும். போடுவதற்கு முன் தாளின் எடை, எடுத்த பின் எடை, வித்தியாசம்தான் தூசி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள், ஒரு நாளைக்கு மூன்று தாள். தாளில் விரல் படக்கூடாது, விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்குக்கூட எடையில் ஏறிவிடும். இடுக்கியால்தான் எடுப்பேன். நிறுப்பதற்கு முன் ஈரம் போகக் கண்ணாடிச் சாடியில் ஒரு நாள் வைத்திருப்பேன். இதிலெல்லாம் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்லும்படி நடந்தது வேறு இடத்தில்.

எனக்கு மேலதிகாரி நஞ்சப்பன் சார். அவரைப் போல ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கடைநிலை ஊழியரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் இன்னும் ஒரு 'ங்க' கூடும், அவ்வளவுதான். அதனாலேயே அவர் கோபத்துக்கு நாங்கள் நடுங்குவோம். கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம், முணுமுணுக்கலாம். மரியாதையாகக் கேள்வி கேட்கிறவரை என்ன செய்வது?

அந்த வருடம் கோவைக்கு மூன்று நிலையம் ஒதுக்கினார்கள். நஞ்சப்பன் சார் நகர வரைபடத்தை மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு பேப்பர் வெயிட் வைத்து எங்களைக் கூப்பிட்டார். மற்ற ஊர்களில் இடம் பார்க்கும் முறை வேறு. எந்த அரசுக் கட்டடத்தில் மொட்டை மாடி இருக்கிறது, கரண்டு இருக்கிறது, சாவி வைத்திருக்கிறவர் சொன்னபடி கேட்பாரா என்று பார்த்து, அங்கே பெட்டியை ஏற்றிவிட்டு வந்துவிடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, மேலிடம் பெட்டியைக் கொடுத்தாலும் வாட்ச்மேன் கதவைத் திறக்க வேண்டும். நஞ்சப்பன் சார் அதைக் கடைசியில்தான் கேட்பார். நாங்கள் ஒரு இடத்தைச் சொன்னதும் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அங்க யாருங்க குடியிருக்கறாங்க?"

நகர நடுவில் ஒன்று, தொழிற்பேட்டையில் ஒன்று என்று இரண்டு இடம் சண்டையில்லாமல் முடிந்தது. மூன்றாவது, ஜனங்கள் குடியிருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு இரண்டு இடங்கள் போட்டியில் நின்றன. ஒன்று, துடியலூர் போகும் வழியில் ஒரு விடுதியின் மாடி. இன்னொன்று, நகரின் ஓரத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னத் தெரு. அதைப் பட்டறைத் தெரு என்றே இங்கே சொல்கிறேன். இரண்டிலும் சில நாள் அளந்து பார்த்து, எங்கே தூசி அதிகமோ அங்கே நிலையம் வைப்பது என்று முடிவானது.

பட்டறைத் தெருவுக்காக மனு எழுதிப் போட்டவர் தெய்வானை. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் சூலூரில் தறி ஓட்டினார், காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஒரே மகள் கவிதா, எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வீசிங். காற்று அடிக்கிற மாதங்களில் பாதி நாள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். நான் முதல் தடவை போனபோது கட்டிலில் தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுமாம்.

"டாக்டர் ஊரை மாத்துங்கன்னு சொல்றாருங்க சார். இந்த ஊடு ஒண்ணுதானுங்க எங்களுக்கு இருக்கறது. இதை விட்டுபோட்டு எங்கீங்க போறது? உங்க மிசினு இங்க வந்துச்சுன்னா, இந்தப் பவுண்டரிக்காரங்களை நாலு கேள்வி கேக்கலாமுங்கல்ல?" என்றார் தெய்வானை.

கேட்கலாம். அதுதான் உண்மை. நிலையம் வந்து, மாதா மாதம் எண் எழுதப்பட்டால், பவுண்டரிகளுக்கு நோட்டீஸ் கொடுக்க எங்களுக்கு ஆதாரம் இருக்கும். எண் இல்லாவிட்டால் அவர்கள் "எங்கே நிரூபி" என்பார்கள். கவிதா பிறந்த வீட்டிலேயே மூச்சு விட முடியுமா, இல்லை அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டுமா என்பது என்னுடைய சில வெள்ளைத் தாள்களில் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்துதான் போனேன்.

அந்தத் தெருவில் நெஞ்சை அடைத்தது புகை மட்டும் இல்லை. இரும்பு உருக்குகிற நாளில் புகை கிளம்பும், ஆனால் அதைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போய்விடும். பெரிய தொல்லை மண். வார்ப்பு எடுத்து முடிந்த கறுப்பு மணலைப் பவுண்டரிக்காரர்கள் தெருவோரம் கொட்டுவார்கள். பள்ளம் மேடு நிரவுவதற்கும் அதையே போட்டிருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் அது மாவாகி எழும். இதையும் நான் பிறகுதான் கண்ணால் பார்த்தேன். அளக்கப் போன நாட்களில் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கு வருகிறேன். நான் சொல்லிவிட்டுப் போனேன்.

சொல்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அதுவும் மொட்டை மாடிக்கு வீட்டுக்குள் புகுந்து ஏற வேண்டும், பகலில் அங்கே பெண்கள்தான் இருப்பார்கள். ஆகவே தெருமுனைக் கடைக்கு முதல் நாளே போன் போட்டு, "நாளைக்கு வாரேன்னு தெய்வானை அம்மாகிட்டச் சொல்லிருங்க" என்பேன். நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

முதல் நாள் ஜீப்பில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். தெருவே குளுகுளுவென்று இருந்தது. வாசல் வாசலாகத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். சில வீட்டு ஓரம் மணல் குவியலின்மேல் நனைத்த சாக்கு போர்த்தியிருந்தது. மாடியையும் கழுவி விட்டிருந்தார்கள். பெட்டியை வைத்து, இடுக்கியால் தாளைப் போட்டு, மோட்டாரை ஓட விட்டுக் கீழே வந்தால், தலைவாழை இலை போடாத குறையாக இட்டிலி, எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகை, தேங்காய்ப்பால். பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அரசாங்க ஆள் ஒருவன் அந்தத் தெருவுக்கு வந்ததே அதுதான் முதல் தடவையாம்.

வயிறு நிறைந்த சந்தோஷத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "பவுண்டரிக்கு நடுவுல இருந்துட்டும் தெருவை எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கறீங்க! பார்க்கவே நல்லா இருக்குதுங்க."

தெய்வானையின் முகம் மலர்ந்ததே, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த வார்த்தை தெரு முழுக்கப் போயிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த தடவை போனபோது தெரு இன்னும் சுத்தம். அதற்கடுத்த தடவை இன்னும். நான் தாள் மாற்றப் போகிற நேரமெல்லாம் யாராவது ஒரு பெண் குடமும் கையுமாகத் தெருவில் நிற்பார். உப்புத் தண்ணி பம்பிலிருந்து அடித்துச் சுமந்து வருவார்கள். நல்ல தண்ணீர் எத்தனையோ நாளைக்கு ஒருமுறை வருகிற காலம், உப்புத் தண்ணீருக்கும் வரிசைதான். நானோ இவர்கள் தினமும் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு, ஈரத்தில் செருப்பு வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தேன். தாளில் விரல் படாமல் காப்பாற்றியவன், தெருவில் என்ன நடக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

தாள்கள் லேசான சாம்பல் நிறத்தோடு வந்தன. துடியலூர் வழித் தாள்கள் அதைவிடக் கறுப்பு, பஸ்ஸும் லாரியும் ஓயாத ரோடு ஆயிற்றே. எண்களை எழுதிக் கொடுத்தேன். நஞ்சப்பன் சார் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"பட்டறைத் தெருவுல இவ்வளவு கம்மியா வருமுங்களா?"

"அப்படித்தான் வந்திருக்குதுங்க சார். தெருவும் சுத்தமா இருக்குதுங்க."

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அறிக்கை சென்னைக்குப் போனது, உத்தரவும் வந்தது. மூன்றாவது பெட்டி துடியலூர் வழி விடுதி மாடியில் ஏறியது.

அது முடிந்து சில வாரம் கழித்துப் பட்டறைத் தெருப் பக்கம் வேறு வேலையாகப் போனேன். பெட்டிக்கு அடியில் வைக்கிற மரப்பலகை தெய்வானை வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டது, வந்ததோடு எடுத்துக்கொள்ளலாம் என்று நுழைந்தேன். சொல்லிவிட்டுப் போகவில்லை. வேலைக்கு வந்த பிறகு ஒருவர் வீட்டுக்கு நான் சொல்லாமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆடிக் காற்று. தெரு முனையிலேயே கண்ணைத் திறக்க முடியவில்லை. கறுப்பு மண் சுழன்று சுழன்று எழுந்தது. பல்லில் நறநறவென்றது. வாசலில் கோலம் இல்லை, போட்டாலும் நிற்காது. சன்னல் எல்லாம் சாத்தி, இடுக்கில் துணி அடைத்திருந்தார்கள். வழி தவறி வேறு தெருவுக்கு வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

கதவைத் திறந்த தெய்வானை என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். உட்காரச் சொல்லவில்லை, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேராக வெளியே ஓடிப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"அடியே, சாரு வந்துட்டாருடீ! சொல்லாம வந்துட்டாரு! கொடத்தை எடுங்கடீ!"

பிறகு என் பக்கம் திரும்பி, குற்றம் செய்தவர் மாதிரிக் கையைப் பிசைந்தார். "ஒரு வார்த்தை சொல்லியுடக் கூடாதுங்களா சார்? நீங்க வாரீங்கன்னாத் தெருவே சேந்து தெளிச்சு வெச்சுருவமுங்க. இன்னைக்குப் பாருங்க, எப்படிக் கெடக்குதுன்னு. எங்களுக்கு மானமே போகுதுங்க."

"நான் வர்ற நாள்ல மட்டுந்தான் தெளிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"தெனமும் இத்தனை தண்ணிக்கு எங்கீங்க போறது? நீங்க வர்ற நாள்னா மட்டும் பொழுதுக்கும் தெளிப்பமுங்க. மொத நாளே சுத்தமா இருக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் யாரையும் கூப்பிடவே வேண்டியதில்லீங்க, அவங்களே கொடத்தோட வந்துருவாங்க."

உள்ளே கவிதா இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மரப்பலகையை எடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

நஞ்சப்பன் சாரிடம் சொன்னேன். ஒளிக்கவில்லை, அந்த அளவுக்கு நான் மோசமில்லை. ஆனால் சொல்லும்போது, ஜனங்களுக்கு விவரம் தெரியவில்லை சார் என்று ஆரம்பித்தேன். பழியை எங்கே இறக்கலாம் என்று நாக்கு தானாகத் தேடுகிறது பாருங்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்ல காத்துக் காலமுங்க. பவுண்டரித் தெருவுங்க. உங்க செருப்புல சேறு ஒட்டலீங்களாங்க?"

'ங்க' கூடியிருந்தது. ஒட்டியது சார் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஜீப்பில் ஏறுவதற்கு முன் அதைத் தேய்த்து எடுத்திருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. சென்னைக்கு எழுதினார், போனில் பேசினார், கடைசியில் நேரிலும் போனார். மறுபடி அளக்க ஒரு பெட்டி கொடுங்கள் என்று கேட்டார். பெட்டிகள் மூன்றும் வேலையில் இருக்கின்றன, ஒன்றைக் கழற்றினால் அங்கே கணக்கு விட்டுப்போகும், அடுத்த ஒதுக்கீடு வரும்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் தெளித்ததால் தூசி குறைந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் ஒருவர் கேட்டாராம். ஊருக்கெல்லாம் நாங்கள் கேட்கிற கேள்விதான்.

அலுவலகத்தில் விஷயம் பரவியது. "என்ன சார், பட்டறைத் தெருவுக்குத் தண்ணி தெளிச்சு விட்டுட்டீங்களாமா?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்தேன். பல வருடம், ஓய்வு பெறும் விழா வரைக்கும், யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். தப்பு செய்ததைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று அதிகம் கூசுகிறேன். செருப்பில் சேறு ஒட்டியது கவனக்குறைவு. சிரித்தது தெரிந்தே செய்தது.

சென்னையிலிருந்து வந்ததும் நஞ்சப்பன் சார் என்னைக் கூப்பிட்டு, "கடுதாசி போட வேண்டாமுங்க. நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க" என்றார். நான் நாலைந்து நாள் சாக்குச் சொல்லிப் பார்த்தேன். பிறகு போனேன்.

இந்த முறையும் சொல்லாமல்தான் போனேன். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. தெய்வானை வாசலில் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, துடியலூர் வழியில் பெட்டி ஏறியதைப் பஸ்ஸில் போகிற யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க ஊடு வேண்டாமுன்னு சொல்லிபோட்டீங்களாமாங்க" என்றார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நாங்க ஏதாச்சும் கொறை வெச்சுட்டமுங்களா சார்? அன்னைக்கு வாங்கன்னுகூடக் கூப்பிடாம வெளிய ஓடிட்டேன். அதை மனசுல வெச்சுட்டீங்களோன்னு ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லிட்டு இருந்தேனுங்க."

இவர் தன்மேல் பழி போட்டுக்கொள்வதைப் பார்த்த பிறகு மழுப்ப முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். எந்தத் தூசியை அளக்க வந்தேனோ அதைத்தான் நீங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அமுக்கிவிட்டீர்கள், அதனால் தாளில் எண் குறைவாக வந்தது, பார்க்க வேண்டிய நான் பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன், தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்றேன்.

அவர் தெருவைப் பார்த்தார்.

"நீங்க பொகையத்தான் அளக்கறீங்கன்னு நெனச்சுபோட்டமுங்க. தூசி எங்க தெருக் குப்பைதானுங்களே, அதைக் கூட்டித் தெளிச்சு வெக்கறது எங்க வேலைன்னு இருந்தமுங்க." பிறகு என்னைப் பார்த்தார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்ப ஊடு தேடி வந்தவங்களைத் தூசியில உக்கார வெச்சிருக்கோணுங்களா சார்?"

ஆமாம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் இட்டிலியும் சந்தகையும் தின்றவன் நான். அடுத்த ஒதுக்கீட்டில் பார்க்கலாம் என்று சென்னைக்காரர்கள் சொன்னதையே நானும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் தலையாட்டினார். நம்பினாரா, நான் கஷ்டப்படக் கூடாது என்று ஆட்டினாரா, தெரியவில்லை.

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து கவிதாவின் குரல் கேட்டது. இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாக, "யாரும்மா? மிசின்காரரா? என்னவாமா?" என்றாள்.

தெய்வானை உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருந்தது. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, குரலில் கொஞ்சமும் கசப்பில்லாமல் அவர் சொன்னது எனக்கு முழுசாகக் கேட்டது.

"ஒண்ணுமில்ல கண்ணு. நம்ம தெருவுல காத்து நல்லா இருக்குதாமா."